விறகில் சுட்ட பாத்திரங்கள்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெஹிவளையில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் சக்கரம் போட்டு, கோப்பை, தட்டு, கிண்ணம், சாடி செய்கிறோம். சுடுவது ஹங்வெல்லைப் பக்கம், ஒரு றப்பர் காணியில் கட்டிய விறகுச் சூளையில். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்கள் பாத்திரங்களை வாங்கிப் போனவர்கள் நேரிலும் போனிலும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். விறகையும் நெருப்பையும் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

சட்டி, முட்டி எல்லாமே விறகில் சுட்டதுதானே? உங்களுடையதில் என்ன வித்தியாசம்?

விறகு ஒன்றுதான், சூடு வேறு. கண்டி வீதியில் மொலகொடைப் பக்கம் அடுக்கி விற்கிற சட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகை மண்பாண்டங்கள் ஏறக்குறைய 700 முதல் 900 பாகை செல்சியஸ் சூட்டில் வேகின்றன. அந்தச் சூட்டில் மண் இறுகும், ஆனால் நுண்துளைகள் மூடிக்கொள்ளாது. முட்டியில் தண்ணீர் கசிந்து ஆவியாகி, உள்ளே இருப்பது குளிர்வதும், எருமைத் தயிர் சட்டியில் கெட்டியாக உறைவதும் அந்தத் துளைகளால்தான்.

எங்கள் சூளை 1,250 பாகையைத் தாண்டி 1,300 வரை போகும். அங்கே களிமண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடி போலாகி, மற்றத் துணிக்கைகளை ஒட்டிப் பிடிக்கிறது. ஆறிய பிறகு விரலால் சுண்டினால் கணீர் என்று கேட்கும். தண்ணீர் ஊறாது, கறி வாசம் பிடிக்காது. இதை ஸ்டோன்வேர் என்பார்கள்.

இதனால் ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று ஆகிவிடாது. குடிதண்ணீர் குளிர வேண்டுமா, முட்டி வாங்குங்கள். அந்த வேலையை எங்கள் சாடி செய்யாது.

அப்படியென்றால் இதிலே சமைக்கலாமா? பொங்கல் பானை கிடைக்குமா?

அடுப்பில் வைக்கவே கூடாது. தைப்பொங்கல் நெருங்கும்போது இந்தக் கேள்வி நிறைய வரும். இறுகிப் போன மண், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சூடேறினால் விரிவதற்கு இடமில்லாமல் வெடித்துவிடும். நெருப்பைத் தாங்குவது குறைந்த சூட்டில் சுட்ட, மணல் கலந்த, துளையுள்ள சட்டிதான். நம் ஊர்க் குயவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து வைத்திருக்கிற அறிவு அது. பொங்கலுக்கு அவர்களிடமே பானை வாங்குங்கள். பொங்கிய பிறகு பரிமாறுவதற்கு எங்கள் கிண்ணங்கள் இருக்கின்றன.

கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி, சூடான சொதி எல்லாம் தாராளமாக ஊற்றலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கொதிநீர் ஊற்றுவதை மட்டும் தவிருங்கள்.

இந்தப் பச்சையும் தேன் நிறமும் பெயின்டா?

இல்லை. அது சாம்பல்.

விறகு எரியும்போது நுண்ணிய சாம்பல் சுவாலையோடு பறக்கிறது. சூளைக்குள் தோள், விளிம்பு, கைபிடி என்று நெருப்புக்கு எதிரே எது இருக்கிறதோ அதன்மேல் படிகிறது. மரச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் உண்டு. சூடு 1,240 பாகையை நெருங்கும்போது அவை களிமண்ணில் உள்ள சிலிக்காவோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகின்றன. மண்ணிலும் சாம்பலிலும் கொஞ்சம் இரும்பு இருந்தால் அந்தக் கண்ணாடிக்கு நிறம் வரும். சூளைக்குள் காற்றைக் குறைத்துப் புகையாக எரித்தால் பச்சை, சாம்பல் பச்சை. காற்றைத் தாராளமாக விட்டால் மஞ்சள், தேன், பழுப்பு. உருகியது கனத்தால் துளியாக வழிந்து, பாதி வழியில் உறைந்து நிற்கும்.

சாம்பல் எட்டாத பக்கத்தில் வேறொன்று நடக்கிறது. விறகிலிருந்து வரும் காரச்சத்து ஆவியாகி வெறும் மண்ணின்மேல் பட்டு, செம்மஞ்சள் நிறத்தில் சிவக்க வைக்கிறது. இரண்டு கோப்பைகள் நெருங்கி நின்றால் ஒன்றின் நிழல் மற்றதன்மேல் விழுந்த மாதிரி வெளிறிய அடையாளம் இருக்கும். ஒரு கோப்பையைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தாலே நெருப்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பக்கத்தில் எது நின்றது என்று சொல்லிவிடலாம்.

உள்பக்கத்தை நெருப்பை நம்பி விடுவதில்லை. அங்கே நாங்களே கலந்த பூச்சு ஊற்றுகிறோம். இரண்டு பங்கு சாம்பல், இரண்டு பங்கு பெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமத் தூள், ஒரு பங்கு களிமண் என்று தொடங்கி, எந்த மரத்துச் சாம்பல் என்பதைப் பொறுத்துக் கூட்டிக் குறைப்போம். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதைச் சேர்த்தால் பூச்சு பால் மாதிரி வெண்மையாக வரும்.

களிமண் எங்கே எடுக்கிறீர்கள்?

கொழும்பைச் சுற்றியே மட்பாண்டத்துக்கு வேண்டிய முக்கால்வாசிப் பொருள் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பொரலஸ்கமுவையில் வெண்களிமண் படிவு உண்டு. களுத்துறைப் பக்கம் தெதியவலையில், வெள்ளத்தில் படிந்த, நன்றாக இழுபடும் களி. பெல்ட்ஸ்பார் மாத்தளையிலிருந்து வரும், வெண்மணல் நாத்தாண்டியா, மாரவிலப் பக்கத்திலிருந்து. களனி கங்கைச் சமவெளிக் களிமண்ணில் செங்கல்லும் ஓடும் செய்கிறார்கள். அதில் இரும்பு அதிகம், எங்கள் சூட்டுக்குத் தனியாகத் தாங்காது. அதனால் மற்றக் களிகளோடு கொஞ்சமாகக் கலக்கிறோம். நிறமும் உயிரும் அதிலிருந்துதான் வருகிறது.

நாங்களாக எங்கும் தோண்டுவதில்லை. களிமண் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். கண்ட இடத்தில் தோண்டினால் குழியில் தண்ணீர் நின்று நுளம்பு பெருகும், கரையும் சரியும்.

என்ன விறகு?

பெரும்பாலும் றப்பர். றப்பர் மரம் ஏறக்குறைய முப்பது வருடத்தில் பால் குறைந்துவிடும். அப்போது வெட்டிப் புதிதாக நடுவார்கள். அந்த மரம்தான் மேல் மாகாணத்தில் விறகாக வருகிறது. அப்புறம் கறுவாக் குச்சி. பட்டை உரித்த பிறகு மிஞ்சுகிற மெல்லிய தடி, கொழும்புப் பேக்கரிப் போறணைகளில் எரிவது அதுதான். சட்டென்று பற்றி நீளமான சுவாலை தரும். கடைசிக் கட்டத்தில் சூட்டை ஏற்ற அதைவிட நல்லது எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிளிரிசீடியாவும் எரிக்கிறோம். வேலியில் வெட்ட வெட்டத் தழைக்கிற மரம்.

எரிக்காதவை: கண்டல் மரம், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்து ஏற்றிய மரம், கடலில் ஒதுங்கிய கட்டை. கடல் உப்பு ஊறிய கட்டை அழகான சிவப்பைத் தரும் என்பது உண்மை. ஆனால் அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

இவ்வளவு விறகை எரிப்பது சரியா?

நியாயமான கேள்வி. ஒவ்வொரு முறை சூளையை அடுக்கும்போதும் இதை நாங்களும் கேட்டுக்கொள்கிறோம்.

மீண்டும் நடப்படுகிற, மீண்டும் தழைக்கிற மரங்களின் விறகையே எடுக்கிறோம். ஆனால் அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, சூளைக்குள் எதை வைக்கிறோம் என்பது. ஒரு மரம் முப்பது வருடம் நின்று சேர்த்த சூட்டை ஓர் இரவில் செலவழிக்கிறோம். அந்தச் செலவில் வெந்தது கண்ணாடி அலுமாரியில் தூசி பிடித்து நிற்கிற பொருளாக இருந்தால் அது எங்களுக்கு ஒத்துவராது. தினமும் காலையில் கையில் எடுக்கிற கோப்பை, மத்தியானம் சோறு போடுகிற தட்டு, ஊறுகாய்ச் சாடி என்று வீட்டில் உழைக்கிற சாமான்களையே சுடுகிறோம். சிலை, சுவர் அலங்காரம் செய்து தரச் சொல்லிக் கேட்கிறார்கள். மன்னியுங்கள், செய்வதில்லை. சூளையில் இடைவெளி விடுவதும் கிடையாது. பெரிய சாடிக்குள் சின்னக் கிண்ணம், அதன் இடுக்கில் உப்புச் சிமிழ் என்று அடுக்குவோம். பச்சையாகக் காய்ந்த நிலையில் வடிவம் பிடிக்காவிட்டால் சுடாமலே தண்ணீரில் கரைத்து மறுபடி மண்ணாக்கிவிடலாம். சுட்ட பிறகு அந்த வழி இல்லை. அதனால் தேர்வை எல்லாம் நெருப்புக்கு முன்பே முடித்துவிடுகிறோம்.

இயற்கையிலிருந்து எடுத்த வடிவம் என்கிறீர்கள். ஆனால் ஒரு பூ, ஒரு இலைகூடக் காணோமே?

வரைவதில் எங்களுக்கு நாட்டமில்லை. பார்த்ததைக் கைப்பிடிக்குள் வருகிற மாதிரி மாற்றுவதுதான் பிடித்த வேலை.

ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், கொழும்புக்கு 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. பெல்லன்வில, அத்திடிய சதுப்பு எங்கள் பட்டறையிலிருந்து கிட்டத்தான். மழை விட்ட பிறகு அங்கே போய் நின்றால் நாணல் தண்டுகளில் தண்ணீர் ஏறி இறங்கிய கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். கீழே கரும்பழுப்பு, மேலே போகப் போக வெளிறல். எங்கள் உயரமான தண்ணீர்க் கோப்பையை மூன்று முறை வெவ்வேறு ஆழத்துக்குக் களிக் குழம்பில் முக்குகிறோமே, அது அந்தக் கோடுகளைப் பார்த்து வந்த பழக்கம்.

இன்னொன்று கபுக் கல். மேற்குக் கரை முழுக்கப் பழைய மதில்கள் அந்தச் செம்புறைக் கல்லால் கட்டியவை. மழையில் அரித்துக் குழிகுழியாகி, குழிக்குள் பாசி பிடித்து நிற்கும். உடைந்த கபுக்கை இடித்துச் சலித்துக் குழம்பாக்கிச் சாடியின்மேல் பூசுகிறோம். அதில் உள்ள இரும்பு சூளையில் துரு நிறத்திலிருந்து கருப்பு வரை போகும், மேலே விழுந்த சாம்பல் பள்ளங்களில் தேங்கிப் பச்சையாகும். மதிலைப் பார்த்து யாரும் வர்ணம் தீட்டவில்லை. அதே இரும்பு, அதே மாதிரிப் பள்ளம், மழைக்குப் பதிலாக நெருப்பு.

தட்டுகள் ஏன் இப்படிக் குழிவாக இருக்கின்றன?

கையால் சாப்பிடுவதற்காக. கடைகளில் விற்கிற தட்டையான தட்டு முள்ளுக்கரண்டிக்கும் கத்திக்கும் வடிவமைத்தது. அதில் சொதி ஓரத்துக்கு ஓடும், சோற்றைக் கூட்டிப் பிசைய ஒரு தடுப்பு இருக்காது. எங்கள் தட்டின் ஓரம் மெதுவாக மேலெழுந்து, கடைசியில் கொஞ்சம் உள்ளே வளையும். கடைசிப் பருக்கையை நான்கு விரலால் ஒதுக்கும்போது அந்த வளைவு கைகொடுக்கும். நடுப்பகுதி வழவழப்பாக இருக்கவேண்டும் என்பதிலும் கண்டிப்பாக இருக்கிறோம். சாம்பல் சொரசொரப்பு வெளிப்பக்கத்தில் அழகு, விரல் படுகிற இடத்தில் தொல்லை. அதனால் தட்டுகளை நெருப்பு வாயிலிருந்து விலக்கி, சூளையின் பின்பகுதியில்தான் அடுக்குவோம்.

ஒரு சூடு, அதாவது ஒரு முறை சூளை எரிப்பது, எப்படி நடக்கும்?

முதலில் கைச்சூடு. சூளைக்கு வெளியிலேயே சின்னதாக நெருப்பு மூட்டி, இரவு முழுக்க இளஞ்சூடு மட்டும் உள்ளே போக விடுவோம். மண்ணில் மிஞ்சிய ஈரம் அவசரப்பட்டு ஆவியானால் பாத்திரம் வெடிக்கும். அடுத்து 573 பாகை. அந்த இடத்தில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் திடீரென்று விரியும், ஆறும்போது அதே சூட்டில் சுருங்கும். இரண்டு தடவையும் பொறுமையாகக் கடக்கவேண்டும். 600 தாண்டினால் உள்ளே மங்கலான சிவப்பு தெரியும். 1,000இல் செம்மஞ்சள். அதற்குப் பிறகுதான் உண்மையான உழைப்பு.

விறகு போட்டதும் புகைபோக்கியில் கரும்புகை, நெருப்பு கொஞ்சம் திணறும், பிறகு தெளியும். தெளிந்ததும் அடுத்த பிடி. அந்தத் தாளத்தைக் காதால் கேட்டே வேலை செய்வோம். நன்றாக இழுக்கிற சூளை அடித்தொண்டையில் முழங்கும், சத்தம் இறங்கினால் தணல் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். இரண்டு பேர் மாறி மாறி நிற்போம், ஒருவர் தூங்குவார்.

சூட்டை அளக்க மின் அளவி உண்டு. ஆனால் கடைசித் தீர்ப்பு கோனுடையது. குறிப்பிட்ட சூட்டில் தலை சாய்வதற்கென்றே செய்த சின்னக் கூம்பு அது. நேரமும் சூடும் சேர்ந்து மண்ணை என்ன செய்தன என்று அது காட்டும். அத்தோடு களிமண் வளையங்கள் சிலவற்றைப் பார்வைத் துளைக்குப் பின்னால் வைத்திருப்போம். இரும்புக் கம்பியை விட்டு ஒன்றைக் கொளுவி இழுத்தால், வெள்ளை வெளேரென்று ஒளிரும் வளையம் வெளியே வந்து சில விநாடியில் சிவந்து, கறுத்து, தண்ணீரில் போட்டதும் சீறும். துடைத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் சாம்பல் உருகிப் பளபளக்கிறதா, இன்னும் மாவாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முடிந்ததும் எல்லா வாயையும் சேற்றால் பூசி மூடுவோம். சுடுவதற்குப் பிடித்த நேரத்துக்குக் குறையாமல் ஆற விடவேண்டும். ஆவலில் திறந்தால் குளிர்காற்று பட்டுக் கீறும்.

ஆண்டு முழுக்கச் சுடுகிறீர்களா?

இல்லை. ஈர விறகு தன் சூட்டைத் தன் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே செலவழிக்கும். கொழும்புப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில்தான் மழை குறைவு. பெரிய சூடு அப்போது. ஜூலை, ஆகஸ்டில் வானம் விட்டால் இன்னொன்று. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழை, சூளைப் பக்கமே போவதில்லை. அந்த மாதங்களில் சக்கர வேலை. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் பாத்திரங்கள் மெதுவாகக் காயும், கைபிடி ஒட்டிய இடம் விரிசல் விடாது.

கொழும்புக்குள்ளேயே ஏன் சுடுவதில்லை?

புகை. ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள ஒழுங்கையில் இரவு முழுக்க விறகு எரிப்பது அயலவருக்குச் செய்கிற அநியாயம். ஹங்வெல்லையிலும் சுற்று வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லி, பிரதேச சபையிடமும் கேட்டுக்கொண்டுதான் மூட்டுகிறோம்.

கோப்பையின் அடியில் சிப்பி அச்சு இருக்கிறதே?

சாம்பல் உருகினால் கோப்பை, சூளைக்குள் அது நிற்கிற அடுக்குத் தட்டோடு ஒட்டிவிடும். அதைத் தடுக்க மட்டிச் சிப்பிக்குள் சூடு தாங்கும் களியை அடைத்து, அதன்மேல் பாத்திரத்தை இருத்துகிறோம். சூளையில் சிப்பி சுட்ட சுண்ணாம்பாகிறது. வெளியே எடுத்துத் தண்ணீரில் போட்டால் நீறிப் பொடிந்து விழுந்துவிடும், வரி வரியான அச்சு மட்டும் நிற்கும். பழைய உத்தி, பல நாடுகளில் உண்டு. அடியைக் கல்லால் தேய்த்துத்தான் தருகிறோம். அப்படியும் மேசையைக் கீறினால் கொண்டு வாருங்கள், தேய்த்துத் தருகிறோம்.

ஈயம் கீயம் கலந்திருக்குமா? பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஈயம், குறைந்த சூட்டில் பூச்சு உருகுவதற்காகச் சிலர் சேர்ப்பது. எங்கள் சூட்டில் அதற்குத் தேவையே இல்லை, சேர்ப்பதும் இல்லை. யாரிடம் வாங்கிய பாத்திரமானாலும், பூச்சு புளிப்பைத் தாங்குமா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. தேசிக்காயைப் பாதியாக வெட்டி, பூச்சின்மேல் கவிழ்த்து ஓர் இரவு விடுங்கள். காலையில் கழுவிப் பார்க்கும்போது அந்த இடம் வெளிறியோ மங்கியோ இருந்தால் அதில் புளிக்கறி வைக்கவேண்டாம். ஈயம் இருக்கிறதா இல்லையா என்பதை இந்த முறை காட்டாது, அதற்கு ஆய்வுகூடப் பரிசோதனைதான்.

கழுவுவது?

சாதாரணமாக. மைக்ரோவேவில் வைக்கலாம், கீறல் விழுந்தது மட்டும் வேண்டாம். கழுவியதும் கவிழ்த்து அடி காயவிடுங்கள்.

இது ஜப்பான் கலை இல்லையா? நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சரிவான ஒற்றை அறைச் சூளை ஐந்தாம் நூற்றாண்டளவில் கொரியாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. அங்கே அதை ஆழமாக வளர்த்தார்கள், நாங்களும் அவர்களிடமிருந்து கற்றிருக்கிறோம். ஆனால் நெருப்பைக் கையாண்டு நிறம் எடுப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. பொம்பரிப்பு, ஆனைக்கோட்டை, கந்தரோடை அகழ்வுகளில் கிடைத்த கருப்பு சிவப்புப் பாண்டங்களைப் பாருங்கள். தமிழ்நாட்டிலும் அதே வகை உண்டு. கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளும் விளிம்பும் காற்றுப் படாமல் கருக்கும், வெளியே காற்றுப் பட்டுச் சிவக்கும். ஒரே மண், ஒரே இரும்பு, காற்றின் அளவில் இரண்டு நிறம். நாங்கள் கூடுதல் சூட்டில் செய்வதும் அடிப்படையில் அதுதான். மன்னார்ப் பக்கம், மாதோட்டத்து மாந்தையில் ஆயிரம் வருடத்துக்கு முந்திய சீன ஸ்டோன்வேர் ஓடுகளும் எடுத்திருக்கிறார்கள். விறகில் சுட்டுக் கப்பலேறி வந்த சாமான்கள். இந்தத் தீவில் அதைக் கையில் எடுத்துப் பார்த்த முதல் ஆட்கள் நாங்கள் இல்லை.

விலை ஏன் இவ்வளவு?

விறகு, போக்குவரத்து, சூளைக் கல், அப்புறம் இழப்பு. மண் ஈரத்திலிருந்து வெந்து முடிவதற்குள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுருங்கும். அந்தப் பயணத்தில் சில கோணும், சில கீறும், சில ஒட்டும். ஒவ்வொரு சூட்டிலும் விற்க முடியாதவை இருக்கும். கீறியதை மலிவாகக்கூட விற்பதில்லை, தண்ணீர் ஒழுகுகிற கோப்பையால் யாருக்கும் பயனில்லை. அவற்றை இடித்துத் தூளாக்கி, பெரிய சாடிகளுக்கான களிமண்ணில் கலந்துவிடுகிறோம். நீங்கள் உடைத்ததையும் கொண்டு வந்து தரலாம்.

அதே மாதிரி இன்னொரு கோப்பை கிடைக்குமா?

அளவும் வடிவும் கிடைக்கும். நிறம் உறுதி சொல்ல முடியாது. ஆறு கோப்பைச் செட் கேட்டால், சூளையில் ஒரே அடுக்குத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவற்றை எடுத்துத் தருவோம்.

பழக வரலாமா? சூடு பார்க்க வரலாமா?

இரண்டுக்கும் வரலாம். சக்கரத்தில் முதலில் பழகவேண்டியது மண்ணை நடுவில் நிறுத்துவது. அது பிடிபடும்வரை கோப்பை செய்ய விடமாட்டோம், பொறுமை வேண்டும். காய்ந்த களித்தூளைப் பட்டறையில் கூட்டுமாற்றால் கூட்டக்கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்கவேண்டும். அந்தத் தூளில் உள்ள சிலிக்கா வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். சாம்பல் கரைத்த தண்ணீர் காரம், கையுறை போடாமல் தொடவேண்டாம்.

சூளைக்கு வருகிறவர்கள் பருத்தி உடுப்பும் மூடிய சப்பாத்தும் போட்டு வாருங்கள். நைலோன், பொலியெஸ்டர் வேண்டாம், பொறி பட்டால் தோலோடு ஒட்டும். தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டம் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் வரும். சாப்பாடும் பிளேன்டீயும் எங்கள் பொறுப்பு, தண்ணீர்ப் போத்தல் மட்டும் கொண்டு வந்தால் போதும்.